அந்த ஸ்பாஞ்சைக் கீழே வையுங்கள்

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மிலானில் நவீலியோ கிராண்டே கால்வாய்க்கரை முழுக்கப் பழம்பொருள் சந்தை விரிந்து கிடக்கும். போன முறை அங்கே இரண்டு மாணவர்களைப் பார்த்தேன். பேச்சைக் கேட்டால் மதுரைப் பக்கம். ஒருவன் கையில் அப்போதுதான் வாங்கிய மேசை விளக்கு: காளான் வடிவம், ஆரஞ்சு நிறம், ஆர்டெமிடே நிறுவனத்தின் நெஸ்ஸோ. குடையின் மேல் பல வருடத் தூசியும் ஒட்டுப்பசையும். துடைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருப்பான் போல. விற்றவர் ஒரு வெள்ளை ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து நீட்டினார். குழந்தைகள் சுவரில் கிறுக்கினால் தேய்த்து அழிப்போமே, அந்த ஸ்பாஞ்ச்.

"தம்பி, அதைக் கீழே வை," என்றேன். இந்த ஊரில் தமிழில் யாரோ அதட்டியதில் பையன் திடுக்கிட்டுப் போனான்.

"அழுக்குதானே அக்கா? போகட்டுமே."

அழுக்கு போகும். கூடவே விளக்கும் போகும்.

பதினோரு வருடமாக நான் ஐம்பது, அறுபதுகளின் இத்தாலிய வீட்டுப் பொருள்களை வாங்குகிறேன். சுத்தம் செய்து, முடிந்ததைப் பழுதுபார்த்து, பாதியை விற்று மீதியை வைத்துக்கொள்கிறேன். அந்தப் பையன் செய்யப்போன தவறை நான் முதல் வருடமே செய்து முடித்தாயிற்று. அதைப் பற்றிக் கீழே நீளமாகவே புலம்பப் போகிறேன். கீறல் இருக்கிறதா பார், காலையிலேயே போ, பேரம் பேசு என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்ல வேண்டும். செதுக்கு வேலை செய்த பழைய மர அலமாரியில் பத்துக் கீறல் விழுந்தால் அது வயதின் அழகு என்று போய்விடும். இந்தப் பொருள்களில் அந்தச் சலுகை இல்லை. ஒரு உருளை, ஒரு வளைவு, ஒரு நிறம், அவ்வளவுதான் இருக்கிறது. அதில் எது கெட்டாலும் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

ஆண்டைத் தப்பாகப் படிப்பது

விளம்பரத்தில் '1967 கொம்பொனிபிலி' என்று போட்டிருப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வட்டப் பெட்டி, பக்கவாட்டில் நகரும் கதவு, கதவில் விரல் நுழைய ஒரு ஓட்டை. பார்த்தால் உங்களுக்கே தெரியும். 1967 என்பது அன்னா காஸ்டெல்லி ஃபெரியேரி அதை வடிவமைத்த ஆண்டு. கார்ட்டெல் நிறுவனம் அதை இன்றும் தயாரிக்கிறது. உங்கள் கைக்கு வருவது எழுபதுகளில் செய்ததாகவும் இருக்கலாம், பத்து வருடம் முன் செய்ததாகவும் இருக்கலாம். என்ஸோ மாரி தானேசே நிறுவனத்துக்காகச் செய்த டிமோர் நாட்காட்டியும் அதே 1967. அதுவும் இன்றும் கடையில் கிடைக்கிறது.

மோகா காபிப் பானையை வைத்து இன்னொரு குழப்பம். அது ஐம்பதுகளின் பொருள் என்று ஊரே நம்புகிறது. அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் மோகா 1933-லேயே வந்துவிட்டது. போருக்குப் பிறகு மகன் ரெனாட்டோ அதைப் பெரிய அளவில் தயாரித்து, ஒற்றை விரலைத் தூக்கி நிற்கும் மீசைக்காரர் படத்தோடு விளம்பரம் செய்த பிறகுதான் அது வீட்டுக்கு வீடு போனது. எட்டுப் பட்டை அலுமினியத்தைப் பார்த்து மட்டும் அது எந்தப் பத்தாண்டு என்று சொல்ல முடியாது.

பொருளைத் திருப்பி அடிப்பாகத்தைப் படியுங்கள். பழைய கார்ட்டெல் பொருள்கள் பலவற்றில் பினாஸ்கோ என்ற ஊர்ப்பெயர் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகி இருக்கும். மிலானுக்குத் தெற்கே இருக்கிற சிறிய ஊர் அது. புதிய தயாரிப்பு வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. கடை விலை என்ன என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். கடையில் புதிதாக விற்கும் அதே பொருளுக்குச் சந்தையில் இருபது யூரோ கூடுதலாகக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டில்தான் நான் இருக்கிறேன்.

'சும்மா ஒரு வாளிதானே'

1954-இல் மிலானின் லா ரினஷென்டே பல்பொருள் அங்காடி, நல்ல வடிவமைப்புக்கு ஒரு பரிசு ஏற்படுத்தியது. பெயர் கொம்பாஸ்ஸோ தோரோ, தங்கக் கவராயம். அடுத்த வருடம் பரிசு பெற்றவற்றில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியும் உண்டு. வடிவமைத்தவர் ஜீனோ கொலொம்பீனி, தயாரித்தது கார்ட்டெல்.

புதிதாக வருகிறவர்கள் இந்த மாதிரி வாளிகளையும் தொட்டிகளையும் கண்டால் தாண்டிப் போய்விடுகிறார்கள். விளக்குக்கும் நாற்காலிக்கும் கூட்டம் அலைமோதும். வாளி மட்டும் மூன்று யூரோவுக்கு மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

அன்றைய வீடுகளில் இருந்தது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடோ, பீங்கான் பூச்சுப் பூசிய இரும்போ. கனம், சத்தம், துரு. பிளாஸ்டிக் வாளி என்பது இலேசான, துருப்பிடிக்காத, கீழே விழுந்தால் கத்தாத வாளி. ஆனால் அதைச் செய்யும் அச்சு எஃகில் குடையப்பட்டது, பெரிய முதலீடு. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அச்சுக் காசு திரும்பும். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி உள்ளே செலுத்தினால் அது மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராகப் பாய வேண்டும். கூர்மூலை இருந்தால் அங்கே இழுவிசை தேங்கி, பிறகு விரிசல் விடும். சுவர் ஓரிடத்தில் தடித்தால் ஆறும்போது அங்கே பள்ளம் விழும். அச்சிலிருந்து பொருள் கழன்று வர வேண்டுமானால் பக்கங்கள் கொஞ்சம் சரிவாக இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஈடுகொடுத்த பிறகு மிஞ்சுகிற வடிவம்தான் அந்த மொழுக்கென்ற உருண்ட விளிம்பு. வடிவமைப்பாளர் அலங்காரத்தை வெறுத்ததால் மட்டும் வந்ததில்லை அது.

மிலான் பொலிடெக்னிக்கில் ஜூலியோ நாட்டாவின் ஆய்வுக்கூடத்தில் பாலிப்ரோபிலீன் உருவானதும் அதே 1954-இல்தான். 1963-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பிளாஸ்டிக் மோப்லென் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அந்தத் தலைமுறை இத்தாலியர் யாரிடமாவது மோப்லென் என்று சொல்லிப் பாருங்கள், தொலைக்காட்சி விளம்பரத்தை நடித்தே காட்டுவார்கள்.

அச்சைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. நெஸ்ஸோ, கொம்பொனிபிலி போன்றவற்றின் மேல் இருக்கும் பளபளப்பு யாரோ பிறகு பூசியதில்லை. எஃகு அச்சின் உட்புறத்தைக் கண்ணாடி போல மெருகேற்றி இருப்பார்கள். பிளாஸ்டிக் அந்த மெருகை அப்படியே வாங்கிக்கொண்டு இறுகுகிறது. ஒரு தடவை தேய்த்துப் போக்கிவிட்டால், அந்த அச்சுக்குள் மறுபடி போய்வர அதனால் முடியாது.

பழுப்பை வெளுக்கப் பார்ப்பது

இதுதான். இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் சொன்ன முதல் வருடம், ஒரு வீட்டைக் காலி செய்யும் இடத்தில் மூன்றடுக்கு வெள்ளைக் கொம்பொனிபிலி ஒன்று கிடைத்தது. பினாஸ்கோ முத்திரை இருந்தது. மூடி, கதவுகள் எல்லாம் சரி. எண்பது யூரோ. ஒரே குறை, ஜன்னல் பக்கம் இருந்த பாதி மட்டும் நெய் நிறத்துக்கு மாறியிருந்தது. மறுபாதி வெள்ளை. அப்படியே நூற்றைம்பது தருகிறேன் என்று ஒரு வியாபாரி அன்று மாலையே கேட்டார். நான்தான் புத்திசாலி ஆயிற்றே. வெள்ளையாக்கினால் முந்நூறு போகும் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் வெள்ளை ஸ்பாஞ்ச். பழுப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது. உற்சாகத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அந்த ஸ்பாஞ்ச் மெலமைன் பிசினால் ஆன நுரை. தொட்டால் பஞ்சு போல இருக்கும், வேலை செய்வதோ மிக நைசான உப்புத்தாள் போல. ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. காய்ந்ததும் பார்த்தால் தேய்த்த இடமெல்லாம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கிக் கிடந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்து, தலைமுடிக்கு நிறம் மாற்றுவதற்குச் சலூன்களில் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கிரீம், பன்னிரண்டு சதவீதம். பழைய கம்ப்யூட்டர்களை இப்படி வெளுக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கிரீமைப் பூசி, காயாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, ஜூலை மாத வெயிலில் பால்கனியில் வைத்தேன். சாயங்காலம் பிரித்தேன். தாள் ஒட்டியிருந்த இடம் வெள்ளை, தாள் சுருங்கி மேலே எழும்பியிருந்த இடம் பழுப்பு. சுருக்கம் சுருக்கமாக, கோடு கோடாக, மலிவான பளிங்குக் கல் மாதிரி. அதைச் சரிசெய்ய இன்னொரு முறை பூசினேன். கோடுகள் இடம் மாறின, போகவில்லை. ஒரு வருடம் கழித்து வெளுத்த இடங்கள் மறுபடி பழுக்க ஆரம்பித்தன, அதுவும் வேறு நிறத்தில்.

அந்தக் கொம்பொனிபிலி இன்று என் குளியலறையில் கழிப்பறைக் காகித உருளைகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது. கெட்ட பக்கம் சுவரைப் பார்க்கிறது. நல்ல பக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்சம் குறைவாகக் கெட்ட பக்கம் ஆளைப் பார்க்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் அதைப் பார்த்துத்தான் பல் தேய்க்கிறேன்.

அன்று எனக்குத் தெரியாதது இதுதான். அந்தப் பிளாஸ்டிக் ஏபிஎஸ்: அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்தது. உடையாத தன்மையைத் தருவது நடுவில் இருக்கும் பியூட்டாடையீன் ரப்பர். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்ஸிஜனும் முதலில் தாக்குவதும் அதைத்தான். பழுப்பு என்பது மேலே படிந்த அழுக்கு கிடையாது. அந்தத் தோலே மாறிப்போனதன் நிறம் அது. பெராக்ஸைடு நிறத்தை எடுக்குமே தவிர, ரப்பரைத் திரும்பத் தராது. ஏற்கெனவே வலுவிழந்த தோலுக்கு மேலும் ஒரு அடி கொடுத்தது போலத்தான்.

ஆனால் எல்லாப் பழுப்பும் இந்தப் பழுப்பில்லை. இங்கேதான் அவசரப்படுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அறுபது எழுபதுகளில் இத்தாலிய வரவேற்பறையில் புகைப்பது சாதாரணம். நீங்கள் பார்க்கும் மஞ்சளில் ஒரு பகுதி சிகரெட் தார். பஞ்சு சுற்றிய காதுக்குச்சியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் உருட்டுங்கள். பஞ்சு காபி நிறத்தில் வந்தால் சந்தோஷப்படுங்கள், அது கழுவினால் போகிற அழுக்கு. பஞ்சு வெள்ளையாகவே வந்தால் பழுப்பு உள்ளே இருக்கிறது. அதோடு வாழப் பழகுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

நான் இப்போது பயன்படுத்துவது வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரணப் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி, மூலைகளுக்கு மென்மையான பழைய பல்துலக்கி. மற்றதெல்லாம் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்த பிறகுதான். தெரிந்துகொள்வதற்குச் சில வழிகள் உண்டு. பாலிப்ரோபிலீனும் பாலிஎத்திலீனும் தண்ணீரில் மிதக்கும், தொட்டால் மெழுகு போல வழுக்கும். வாளி, தொட்டி எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. ஏபிஎஸ் மூழ்கும். தட்டு, கோப்பை செய்யும் கெட்டி மெலமைன் கனமானது, விரல் நகத்தால் தட்டினால் பீங்கான் போலச் சத்தம் வரும். அக்ரிலிக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், கையில் பிடித்தால் கண்ணாடியின் சில்லென்ற குளிர்ச்சி இருக்காது.

இது தெரியாமல் கையில் கிடைத்த குப்பியைத் திறக்கிறவர்கள் செய்வதைக் கேளுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். துணியை எடுத்தால் நிறமும் கூடவே வரும். அதே அசிட்டோன் பாலிப்ரோபிலீன் வாளியை ஒன்றும் செய்யாது. 'எனக்கு அது நன்றாக வேலை செய்ததே' என்று யாராவது சொன்னால் அவர் வாளியைத் துடைத்திருப்பார், நீங்கள் விளக்கைத் துடைக்கப் போகிறீர்கள். லேபிள் ஒட்டுப்பசையை எடுக்க ஆரஞ்சுத்தோல் எண்ணெய் கலந்த திரவம் விற்கிறார்கள். இயற்கையானது, நல்ல வாசனை, ஏபிஎஸ்ஸின் பளபளப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

அப்புறம் இத்தாலிய வீடுகளில் தவறாமல் இருக்கும் அந்த ரோஜா நிற ஆல்கஹால். தரை, ஜன்னல், கைப்பிடி எல்லாவற்றுக்கும் அதுதான். ஜோ கொலொம்போவும் தம்பி ஜான்னியும் 1962-இல் வடிவமைத்த அக்ரிலிகா விளக்கு, தடித்த அக்ரிலிக் பலகையை ஒரு பெரிய வளைவாக வளைத்துச் செய்தது. ஒளி அடியில் இருந்து ஏறி மேல் விளிம்பில் வந்து ஒளிரும். அப்படி வளைத்த அக்ரிலிக்கின் மேல் ஆல்கஹால் பட்டால், உள்ளே தேங்கிய இழுவிசை வழி தேடிக்கொள்ளும். உடனே ஒன்றும் தெரியாது. சில நாளிலோ சில வாரத்திலோ மயிரிழை விரிசல்கள் உள்ளே வெள்ளி நூல் போலத் தெரிய ஆரம்பிக்கும். ஒளியைக் கடத்துவதற்காகவே இருக்கும் பொருளில் விரிசல் விழுந்தால், விளக்கைப் போட்டதும் அத்தனையும் மின்னும். நான் பார்த்ததிலேயே பரிதாபமான விளக்கு அதுதான். அதைத் துடைத்தவர் ரொம்பச் சுத்தமான பெண்மணி.

மெலமைனுக்கு எதிரி வேறு. மாஸ்ஸிமோ விஞ்ஞெல்லியின் அடுக்கு மெலமைன் தட்டுகளும் கோப்பைகளும் 1964-இல் கொம்பாஸ்ஸோ தோரோ வாங்கியவை. பக்கங்கள் நேராக நிற்பதால் அடுக்கினால் ஒரே தூண் போல இருக்கும். கோப்பைக்குள் காபிக்கறை படியும். கறையை எடுக்க ப்ளீச் ஊற்றி வைப்பார்கள். கறை போகும், மேல்தோல் அரித்துப்போகும், அடுத்த காபி இன்னும் சீக்கிரம் கறையாகும்.

பழைய வயரிங்

மாற்றுங்கள். இதில் பேச ஒன்றுமில்லை.

எக்லிஸ்ஸெயைக் கையால் திருப்புவது

எக்லிஸ்ஸெ, வீகோ மாஜிஸ்ட்ரெட்டியின் சின்ன உலோக விளக்கு, 1967-இல் கொம்பாஸ்ஸோ தோரோ வாங்கியது. உள் குடையைத் திருப்பினால் கிரகணம் போல ஒளி மறையும். பழைய இழை பல்பு போட்டிருந்தால் அந்தக் குடை கொதிக்கும். எல்.ஈ.டி. போடுங்கள். போடாமல் திருப்பினால், எங்கள் சங்கத்துக்கு வரவேற்கிறோம்.

ஒரு துண்டுதானே குறைகிறது

மற்றப் பொருள்களில் ஒரு துண்டு குறைந்தால் ஒரு துண்டு குறைகிறது. இவற்றில் மொத்தமே இரண்டு துண்டுதான் இருக்கும்.

டிமோர் நாட்காட்டியில் கிழமை, தேதி, மாதம் எல்லாம் ஒரு தண்டில் கோத்த அட்டைகள். விசிறி போலத் திருப்பிக்கொள்ள வேண்டும். வாங்கும்போது கிழமை ஏழும் மாதம் பன்னிரண்டும் உட்கார்ந்து எண்ணுங்கள். விற்பவர் முறைப்பார், முறைக்கட்டும். நான் ஒரு தடவை எண்ணாமல் வாங்கி வந்தேன். நவம்பர் இல்லை. ஒவ்வொரு வருடமும் முப்பது நாள் என் மேசையில் அக்டோபரே ஓடும்.

ரொபெர்ட்டோ சம்போனெட்டின் சென்டர் லைன் என்று ஒரு எவர்சில்வர் அடுக்கு உண்டு. அறுபதுகளின் நடுவில் செய்தது, 1970-இல் பரிசு வாங்கியது. சமைக்கவும் பரிமாறவும் ஆன வட்டப் பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று அப்படியே இறங்கும். தனியாக ஒரு பாத்திரத்தைப் பார்த்தால் வெறும் வட்டச் சட்டிதான். மொத்தமாக இறங்கும்போது விளிம்புகள் வரிசையாக வட்ட வட்டமாகத் தெரிவதில்தான் அதன் அழகு. நடுவில் ஒன்று குறைந்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். 'மீதியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்' என்று வாங்காதீர்கள். நானும் தேடிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஒலிவெட்டியின் சிவப்பு வேலன்டைன் தட்டச்சு இயந்திரம், எட்டோரே சொட்சாஸும் பெரி கிங்கும் வடிவமைத்தது, 1969-இல் வந்தது. கைப்பிடி இயந்திரத்தின் பின்பக்கத்திலேயே இருக்கும். பெட்டி என்பது மேலே மாட்டும் ஓர் உறைதான். இரண்டையும் பிடித்து வைப்பவை இரண்டு கறுப்பு ரப்பர் நாக்குகள். ஐம்பது வருடத்தில் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். பெருமையாகத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது உறை மட்டும் கழன்று தெருவில் விழும். ஏபிஎஸ் உறை, கல் பாவிய தெரு. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ரப்பரை இழுத்துப் பார்க்காமல் கைப்பிடியில் தூக்கக் கூடாது.

வயரைச் சுற்றி வைப்பது

இதை யாரும் சொல்வதில்லை. விளக்கைப் பரணில் ஏற்றும் முன் வயரை அதன் உடம்பிலேயே சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்போம். எல்லாரும் செய்வதுதான். வயரின் மேலுறை பிவிசி. அது வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். அந்த எண்ணெய் மெதுவாக வெளியே கசியும், ஏபிஎஸ்ஸிலும் பாலிஸ்டைரீனிலும் இறங்கி அதை இளக வைக்கும். இரண்டு கோடைகாலம் கழித்துப் பிரித்தால் வயர் இருந்த இடத்தில் பாம்பு ஊர்ந்த தடம் போல ஒரு பள்ளம். எந்தச் சோப்புக்கும் அது போகாது. வயரைத் தனியாகச் சுருட்டி, நடுவில் காகிதமோ பருத்தித் துணியோ வைத்து விடுங்கள்.

பெயரைத் துரத்துவது

அக்கிலே காஸ்டிலியோனியும் அண்ணன் பியேர் ஜாகொமோவும் 1968-இல் வயரின் நடுவே வரும் ஒரு சின்ன மின்விசையை வடிவமைத்தார்கள். கைக்குள் வழுக்கிக்கொண்டு வரும் உருண்ட விளிம்பு, இருட்டில் தடவினால் எந்தப் பக்கம் அழுத்துவது என்று விரலுக்கே தெரியும். கோடிக்கணக்கில் விற்றது. கட்டைவிரலால் தினமும் அழுத்துகிறவர்களில் யாருக்கும் அது யார் செய்தது என்று தெரியாது. அக்கிலேவுக்கு அதில்தான் பெருமை. பெயரில்லாத பொருள்களைச் சேர்த்து வைப்பதும் அவர் வழக்கம். கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, கருவிகள் என்று மாணவர்களுக்கு எடுத்துக் காட்டுவாராம்.

புதியவர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளுக்கும் யார் பெயர் என்று தேடுகிறார்கள். பெயர் கிடைக்காவிட்டால் கீழே வைத்துவிடுகிறார்கள். என்னிடம் இருப்பதிலேயே நான் அதிகம் பயன்படுத்துவது ஒரு பெயரில்லாத எலுமிச்சை பிழிகருவி, ஒன்றரை யூரோ.

நகல்

காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962-இல் ஃப்ளோஸ் நிறுவனத்துக்குச் செய்த ஆர்கோ என்ற வளைந்த தரை விளக்கில் கராரா பளிங்கு அடிக்கல் ஏறக்குறைய 65 கிலோ. அதில் ஓர் ஓட்டை இருக்கும். அழகுக்காக வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். துடைப்பக் கம்பை அதற்குள் நுழைத்து இரண்டு பேர் தூக்க வேண்டும். முனைகளைச் சீவி விட்டிருப்பதும் தெரியாமல் மோதுகிறவர் காலுக்காக. கல் இலேசாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். தரைமேல் இரண்டு மீட்டருக்கும் மேலே நீளும் வளைவை அது எதனால் தாங்குகிறது என்று யோசித்தால் போதும். இந்த விளக்கை நகலெடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், 2011-இல் தீர்ப்பு வந்தது.

நகல் வைத்திருப்பவரை நான் குறை சொல்லவில்லை. அதை அசல் விலைக்கு என்னிடம் விற்கப் பார்த்தவரைத்தான்.

கேட்காமல் திரும்பி வருவது

ப்ரூனோ முனாரியின் கூபோ சாம்பல் கிண்ணம், 1957, தானேசே தொடங்கிய அதே வருடம். சதுர மெலமைன் பெட்டி. உள்ளே மடித்த அலுமினியத் தகடு ஒன்று. சிகரெட்டை அதில் அழுத்தி உள்ளே தள்ளினால் சாம்பலும் துண்டும் கண்ணுக்குத் தெரியாது. காலி செய்ய வேண்டுமானால் தகட்டை உருவிவிட்டுக் கொட்ட வேண்டும். தகடு போய்விட்டால் அது வெறும் சதுர டப்பா. சந்தையில் அதைப் பேனா வைக்கும் டப்பா என்று விற்றுக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் காளான் விளக்குப் பையனோடு அன்று பேசிக்கொண்டே நடந்தபோது அப்படி ஒன்று கண்ணில் பட்டது. கறுப்பு, விளிம்பு சிதையாதது, பன்னிரண்டு யூரோ. உள்ளே ஒன்றும் இல்லை. பையன் "விடுங்க அக்கா, தகடு இல்லையே" என்றான். விற்பவரிடம் உள்ளே இருந்த தகடு எங்கே என்று கேட்டேன். தகடா, என்ன தகடு என்றார். கையால் மடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மேசையின் மறுகோடிக்குப் போனார். அங்கே அவருடைய விசிட்டிங் கார்டுகள் ஒரு மடித்த அலுமினியத் தகட்டில் ஒய்யாரமாகச் சாய்ந்து நின்றன. கார்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தகட்டை நீட்டினார்.

அதற்குத் தனியாக இரண்டு யூரோ கேட்டார். கொடுத்தேன்.